உங்களுக்குத் தெரியுமா? ஒருவரிடம் 4,425 கேமரா!

மும்பைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் திலீஷ் பரேக் சேர்த்த கேமராக்கள் 4,425. 2003-இல் கின்னஸில் ஏறிய கணக்கு இது. அவற்றில் ஒன்று 1907-ஆம் ஆண்டு 'ராயல் மெயில்' மரப்பெட்டிக் கேமரா. முகப்பில் 15 லென்ஸ். ஒரே சொடுக்கில் ஒரே முகம் தபால்தலை அளவில் 15 படங்களாகக் கண்ணாடித் தகட்டில் விழும்!

கேமரா சேர்ப்பவர்களுக்கு எமன், ஈரப்பதம். லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலைபோலப் படர்ந்துவிடும். அதனால்தான் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறார்கள். இப்படிக் காப்பாற்றும் பழைய கேமராக்களில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 1954-இல் வந்த லைகா எம்3 கேமராவுக்குப் பேட்டரியே வேண்டாம். நன்றாகப் பராமரித்திருந்தால், ஃபிலிம் போட்டு இன்றும் படமெடுக்கலாம். இருபது வருடப் பழைய டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றுக்கோ பேட்டரி, மெமரி கார்டு தேடியே கால் தேய்ந்துவிடும்.