முகூர்த்தக் கணக்கு: புதிய கல்யாணப் புகைப்படக்காரரின் கட்டணம்

மேல்பட்டாம்பாக்கத்தில் புதிதாகக் கேமரா எடுக்கும் இளைஞர் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி மண்டபங்களை நம்பியே தொழில் தொடங்க வேண்டியிருக்கிறது. அங்குள்ள ஸ்டூடியோக்கள் என்ன வாங்குகின்றன என்று விசாரித்து, அதில் இரண்டாயிரமோ மூவாயிரமோ குறைத்துச் சொல்வதே புதியவர்கள் பலர் கைக்கொள்ளும் வழி. இவ்வழி தவறானது, ஓர் ஆண்டில் கிடைக்கும் முகூர்த்தங்களின் எண்ணிக்கையிலிருந்தே கட்டணம் பிறக்க வேண்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்கள் பெரும்பாலும் திருமணம் வைப்பதில்லை. புரட்டாசியைத் தவிர்ப்போரும் உண்டு. எஞ்சிய மாதங்களிலும் நல்ல நாள்கள் சிலவே என்பதால், ஒரே வளர்பிறை முகூர்த்தத்தில் எல்லா மண்டபங்களிலும் மேளம் கேட்கும். புகைப்படக்காரரோ அவற்றுள் ஒன்றில்தான் நிற்க முடியும். ஆகவே முன்பணம் என்பது, அந்தத் தேதியை வேறு யாருக்கும் தராமல் வைத்திருப்பதற்கான ஈடு. திருமணம் தள்ளிப்போனால் அது திரும்பக் கிடைக்குமா என்பதை ரசீதிலேயே எழுதிவிடுவது நல்லது.

கேமரா, லென்ஸ், கணினி எல்லாம் சேர்ந்து 4,80,000 ரூபாய் என்றும், அவை நான்கு ஆண்டு உழைக்கும் என்றும் கொள்வோமானால், ஆண்டுத் தேய்மானம், அதாவது கருவி பழசாவதால் குறையும் மதிப்பு, 1,20,000 ரூபாய். பழுது, ஹார்டு டிஸ்க், மின்சாரம், மென்பொருள் சந்தா ஆகியவற்றுக்கு 60,000. அவருக்கான சம்பளம் மாதம் 25,000 வீதம் 3,00,000. ஆக மொத்தம் 4,80,000. ஆண்டுக்கு 24 திருமணங்கள் கிடைத்தால், ஒன்றின் பங்கு 20,000. உதவியாளர் பேட்டா, வீடியோ எடுப்பவர் கூலி, பயணம், ஆல்பம் ஆகியவற்றுக்கு 18,000 சேர்த்தால் 38,000 ரூபாய் கேட்டே ஆக வேண்டும். அக்கம்பக்கத்து விலையைப் பார்த்து 25,000 சொன்னவருக்கு ஒவ்வொரு திருமணத்திலும் மிஞ்சுவது 7,000, ஆண்டு முழுதும் 1,68,000. அது தேய்மானத்துக்கும் பராமரிப்புக்குமே போதாமல், சம்பளமே எடுக்காத நிலையிலும் 12,000 ரூபாய் கைநட்டம் வைக்கும். முதல் நாள் வரவேற்பையும் மறுநாள் முகூர்த்தத்தையும் மட்டும் வேலை என்று எண்ணி, ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து பொறுக்கி, நிறம் திருத்தி, ஆல்பம் வடிவமைக்கும் நாள்களை மறந்துவிடுவதே இந்த நட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கிறது.

பேரம் வரும்போது கூலியில் கைவைக்காமல், ஆல்பத்தின் தாள்களைக் குறைத்தோ வீடியோவை விட்டோ தொகையை இறக்கலாம். கரும்பும் முந்திரியும் பயிரிடும் குடும்பங்களுக்கு அறுவடையை ஒட்டியே பணம் வருவதால், பாக்கியைத் தவணையாக வாங்கச் சம்மதிப்பது விலையைக் குறைப்பதைவிட உதவும். ஆனால் ஆல்பம் கைமாறும் முன் கடைசித் தவணை வந்துவிட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும், அந்த வரம்பு லாபத்தை வைத்தன்று, மொத்த வரவை வைத்தே பார்க்கப்படுகிறது.

பெயர் பரவும்வரை முதல் சில திருமணங்களுக்குக் குறைத்து வாங்க நேர்ந்தால், அதற்கு ஈடாக, எடுத்த படங்களைத் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் அனுமதியை எழுத்தில் கேட்டுப் பெறலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே.