மருத்துவமனையின் கதை – 9: கோட்மனின் அட்டைகள்

மருத்துவமனையில் இறந்துபோன அல்லது எதிர்பாராத பாதிப்புக்கு ஆளான நோயாளியின் கேஸ் ஷீட்டை மருத்துவர்கள் கூடி அமர்ந்து மறுபடியும் வாசித்து, எந்தக் கட்டத்தில் எது பிசகியது என்று ஆராயும் கூட்டத்தை இறப்பு ஆய்வுக் கூட்டம் என்றும், மருத்துவர்களின் பேச்சுவழக்கில் மார்ட்டாலிட்டி மீட்டிங் என்றும் குறிப்பிடுவர். இன்று மருத்துவக் கல்லூரிகளில் வாடிக்கையாகிவிட்ட இந்த ஏற்பாடு, தன் பதவிகளை ஒவ்வொன்றாக இழந்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஒருவரின் பிடிவாதத்துக்குப் பெரிதும் கடன்பட்டது.

பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய எர்னஸ்ட் அமோரி கோட்மன் (1869–1940) கேட்டது அதிகமில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதி, அதில் நோய்க்குறிகள், மருத்துவர் முதலில் கணித்த நோய், அளித்த சிகிச்சை, இடையில் நேர்ந்த சிக்கல் ஆகியவற்றோடு, ஓராண்டு கழித்து அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்பதையும் பதிய வேண்டும். நலமாக இல்லையெனில் காரணத்தைக் கண்டறிய வேண்டும். ‘இறுதி விளைவு’ முறை என்று அவர் பெயரிட்ட இதனை ஏற்றால் அறுவை மருத்துவர்களின் தகுதியைப் பணிமூப்பால் அன்றி விளைவுகளால் அளக்க வேண்டியிருக்கும் என்பதால் நிர்வாகம் மறுத்தது. 1914-இல் கோட்மன் விலகினார். அதற்கு முன்பே, 1911-இல், சொந்தமாகத் தொடங்கியிருந்த சிறு மருத்துவமனையில் 1916 வரை சிகிச்சை பெற்று வெளியேறிய 337 பேரின் அட்டைகளில் 123 பிழைகளைக் கண்டறிந்து, அறிவோ திறனோ போதாமை, தவறான முடிவு, கவனிப்பிலோ கருவியிலோ குறை, நோய்க்கணிப்பில் பிழை என வகைப்படுத்தி அச்சிட்டு வெளியிட்டார். தன் பிழைகளையே இப்படி ஊரறியச் செய்தவரிடம் சாதுரியம் மட்டும் குறைவாக இருந்தது. 1915-இல் ஒரு மருத்துவச் சங்கக் கூட்டத்தில், தலையை மணலில் புதைத்தபடி பொன்முட்டைகளை மருத்துவர்கள் பக்கம் உதைத்துத் தள்ளும் நெருப்புக்கோழியாக நகரின் செல்வந்தர்களைச் சித்திரித்த பெரிய கேலிச்சித்திரத்தைத் திறந்துவைத்தார். ஹார்வர்டில் இருந்த ஆசிரியப் பொறுப்பும் போயிற்று.

ஆனாலும் அவருடைய கருத்து அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் வழியாகப் பிழைத்தது. இவ்வமைப்பு 1918-இல் நூறு படுக்கைகளுக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளைச் சோதித்தபோது 89 மட்டுமே தேறின. தேறாதவற்றின் பெயர்கள் வெளியே கசிந்துவிடும் என்று அஞ்சி, பட்டியலை நியூயார்க் விடுதி ஒன்றின் உலையில் எரித்துவிட்டனர். அது வகுத்த குறைந்தபட்சத் தரம், மருத்துவர்கள் மாதம் ஒருமுறையேனும் கூடி நோயாளிகளின் பதிவுகளை ஆராய வேண்டும் என்று விதித்தது. இவ்வாறு கூட்டம் நிலைபெற்றது. விளைவுகளை வெளியிடும் பகுதி உதிர்ந்தது. அந்தப் பேரம் முற்றிலும் தவறென்று சொல்வதற்கில்லை, ஏனெனில் பேசியது தனக்கெதிராகத் திரும்பாது என்ற உறுதி இல்லாத இடத்தில் எவரும் வாய் திறப்பதில்லை. ஆயினும் மூடிய அறைக்குள் நடக்கும் கூட்டம், இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவரை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கும் விசாரணையாகச் சுருங்கிவிடுவதும், ‘இனிக் கவனமாக இருக்கவும்’ என்ற சுற்றறிக்கையோடு முடிந்துவிடுவதும் எளிது.

கேள்வி ‘யார்’ என்பதிலிருந்து ‘எந்த ஏற்பாடு’ என்பதற்கு நகரும்போது கிடைப்பது என்ன என்பதைப் பொட்டாசியம் குளோரைடு காட்டுகிறது. நீர்க்காமல் நரம்பில் ஏற்றினால் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய இம்மருந்தால் நேர்ந்த பத்து இறப்புகளை, அறுவை மருத்துவர் கல்லூரியின் தரச்சோதனைப் பணியைப் பின்னாளில் ஏற்றுக்கொண்ட ஜாயின்ட் கமிஷன் ஒன்றாக வைத்து ஆராய்ந்து 1998-இல் எச்சரிக்கை வெளியிட்டது. எட்டு இறப்புகள் செறிவான கரைசலை நேரடியாகச் செலுத்தியதால் நேர்ந்தவை. அவற்றுள் ஆறில், குப்பியும் லேபிளும் ஒத்திருந்ததால் வேறு மருந்தென்று எண்ணி எடுத்திருந்தனர். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு செவிலியரின் கவனக்குறைவாகவே தோன்றியிருக்கும். சேர்த்துப் பார்த்தபோதோ, செறிவான குப்பி வார்டு அலமாரியிலேயே இருந்தது என்ற பொதுக்காரணம் புலப்பட்டது. குப்பியை வார்டிலிருந்து அகற்றி, நீர்த்த கரைசலை மருந்தகத்திலிருந்து மட்டும் அனுப்புவதே பரிந்துரை.

தீர்மானம் எழுதியதும் குப்பி தானாக அகன்றுவிடாது. பொறுப்பாளர் பெயரும் கெடுவும் குறித்து, அடுத்த கூட்டத்தில் முந்தைய தீர்மானத்தை முதல் பொருளாக எடுக்கும் வழக்கம் பல கூட்டங்களில் இல்லை. தவிரவும், இரவில் மருந்தகம் மூடியிருந்தால் அவசரத்துக்கென்று இரண்டு குப்பிகளை வார்டில் ஒதுக்கிவைக்கும் பழக்கம் மெல்லத் திரும்பும். அப்போது செவிலியரைக் கண்டிப்பதைவிட, இரவிலும் மருந்தகம் திறந்திருக்க ஆள் நியமிப்பதே கூட்டத்தின் அடுத்த வேலையாகிறது.