ராயல் கல்கத்தா கோல்ஃப் கழகம்

ராயல் கல்கத்தா கோல்ஃப் கழகம், கொல்கத்தாவின் தென்பகுதியான டாலிகஞ்சில் உள்ள கோல்ஃப் கழகம் ஆகும். 1829ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இது, பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ஃப் கழகங்களில் மிகப் பழமையானது. வட அமெரிக்காவின் மிகப் பழைய கழகமான ராயல் மான்ட்ரியல், இதற்கு 44 ஆண்டுகள் கழித்தே தொடங்கப்பட்டது. 1895இல் நிறுவப்பட்ட டாலிகஞ்ச் கிளப் இதன் அருகில் உள்ள வேறொரு கழகம்.

வரலாறு

கல்கத்தாவில் வாழ்ந்த ஐரோப்பிய வணிகர்களும் அதிகாரிகளும் டம்டம் கோல்ஃப் கழகம் என்ற பெயரில் இதைத் தொடங்கினர். அவர்கள் முதலில் விளையாடிய டம்டம் பகுதியில்தான் இன்று கொல்கத்தா விமான நிலையம் உள்ளது. பிறகு ஆட்டம் நகரின் நடுவே உள்ள மைதான் வெளிக்கு மாறியது. அது ராணுவத்தின் பொறுப்பில் இருந்த பொதுவெளி என்பதால், கழகம் அதைத் தன் சொந்த நிலம்போல் பயன்படுத்த இயலவில்லை. 1910இல் அன்றைய புறநகரான டாலிகஞ்சுக்குச் சென்றது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியா வந்ததையொட்டி 1911இல் 'ராயல்' என்ற அடைமொழியைப் பெற்றது.

டாலிகஞ்சில் 18 குழிகள் கொண்ட இரண்டு ஆட்டத்திடல்கள் இருந்தன. விடுதலைக்குப் பின் அவற்றில் ஒன்று அரசின் கைக்குச் சென்றது. அருகிலுள்ள 'கோல்ஃப் கிரீன்' குடியிருப்பின் பெயர் அந்தப் பழைய நிலப்பரப்பை இன்றும் நினைவூட்டுகிறது.

ஆட்டத்திடல்

வங்காளத்தின் நிலம் தாழ்வானது, மேடுபள்ளம் அற்றது. எனவே திடலெங்கும் குளங்கள் வெட்டப்பட்டன. தோண்டிய மண்ணால் பந்தை அடிக்கத் தொடங்கும் இடங்களும் குழி அமைந்த புல்தரைகளும் உயர்த்தப்பட்டன. இக்குளங்கள் மழைநீரைத் தாங்குகின்றன. ஆட்டக்காரருக்குத் தடைகளாகவும் அமைகின்றன. திடலின் நீளம் 7,000 கெஜத்துக்கும் அதிகம்.

ஆட்டக்காரர்கள்

1965இல் இங்கு நடந்த இந்தியன் ஓப்பன் போட்டியில் பிரேம் கோபால் சேத்தி வென்றார். அப்போட்டியில் பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவரே. தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் மோதி வென்ற இவர், ஓர் அமெச்சூர் வீரர்.

1978இல் பிறந்த எஸ். எஸ். பி. சௌராசியாவின் தந்தை இக்கழகத்தில் புல்தரையைப் பராமரிக்கும் ஊழியராக இருந்தார். பிறர் ஆடுவதைப் பார்த்துத் தானாகவே ஆட்டம் கற்ற சௌராசியா, 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். கழகத்தின் உறுப்பினராக அன்றி, ஊழியரின் மகனாகத் திடலுக்குள் வந்தவர் அவர்.

நிலமும் நகரமும்

18 குழிகள் கொண்ட ஒரு திடலுக்குப் பொதுவாக நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் தேவை. நகரம் வளரும்போது, சிலர் மட்டும் பயன்படுத்தும் இந்த நிலம் யாருக்கு உரியது என்ற கேள்வி எழுகிறது. சென்னை கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடல் அமைந்திருந்தது. பந்தயத் திடலின் 160.86 ஏக்கர் நிலத்துக்கான குத்தகையைத் தமிழ்நாடு அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. அந்நிலத்தில் பூங்கா அமைக்க அரசு திட்டமிட்டது; வெள்ளத்தைக் குறைக்கக் குளங்களும் வெட்டப்பட்டன. கட்டடங்கள் எழாமல் எஞ்சிய திறந்தவெளி என்பதாலேயே இத்தகைய நிலங்கள் ஆட்டக்காரர் அல்லாதோருக்கும் இன்று முக்கியமானவை ஆகியுள்ளன.