துறைமுகத்துச் சொற்களைச் சேர்த்த பெண்மணி

கப்பல் வரும், சரக்கு இறங்கும், பணம் சேரும். இதற்கு நடுவில் புரொபஸர்களுக்கு என்ன வேலை?

ஜெர்மனியின் மிகப் பெரிய துறைமுகம் ஹாம்பர்க். எல்பே நதிக்கரையில் இருக்கும் அந்த நகரத்து வியாபாரப் பிரமுகர்களில் பலர் வெகு காலம் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டுமானால் வெளியூருக்கு அனுப்பினால் போயிற்று. உள்ளூரில் ஒரு சர்வகலாசாலைக்கு எதற்காகச் செலவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஆனால் எல்லா வியாபாரிகளும் அப்படி இல்லை. எட்மண்ட் ஸீமர்ஸ் என்ற செல்வந்தர், பிரசங்கங்கள் நடப்பதற்காகக் கோபுரக் கூண்டுடன் கூடிய அழகான மண்டபம் ஒன்றைக் கட்டி 1911-ல் நகரத்துக்குத் தானமாகக் கொடுத்தார். மண்டபம் வந்துவிட்டது, சர்வகலாசாலைதான் வரவில்லை!

அது வருவதற்கு ஒரு மகாயுத்தம் முடிய வேண்டியிருந்தது. ஜெர்மனியில் முடியாட்சி கவிழ்ந்து, பெண்களுக்கும் ஓட்டுரிமை கிடைத்தது. 1919 மார்ச் மாதத்தில் ஹாம்பர்க் நகரத்துப் பெண்கள் முதல் முறையாக நகர சபைக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்தச் சபை செய்த ஆரம்ப காரியங்களில் ஒன்று, சர்வகலாசாலையை ஸ்தாபிக்கத் தீர்மானம் போட்டது. மே மாதம் திறப்பு விழாவும் நடந்தது. பெண்களின் ஓட்டும் சேர்ந்து பிறந்த அந்தச் சர்வகலாசாலையில் முதல் பெண் புரொபஸராக விளங்கியவர்தான் அகாதே லாஷ்.

*பட்டணத்தில் இடமில்லை*

அகாதே 1879-ல் பெர்லின் நகரில் ஒரு யூத வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் படித்த பெண் என்றால் பள்ளிக்கூட உபாத்தியாயினி வேலைதான். அகாதேயும் பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆனால் மனம் மேல்படிப்பிலேயே இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்து, சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையில் 1906-ல் தேறினார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

சொந்த ஊரான பெர்லினில் பெயர் பெற்ற மொழிப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய வகுப்பில் உட்கார அனுமதி கேட்டார் அகாதே. "பெண்களுக்கு இடமில்லை" என்று பதில் வந்தது. சரி என்று சமையலறைக்குத் திரும்பிவிடவில்லை அவர். பெண்களைச் சேர்த்துக்கொண்ட ஹைடெல்பர்க் சர்வகலாசாலைக்குப் போய் 1909-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? தமக்கு இடம் கொடுக்காத அதே பெர்லின் நகரத்து எழுத்து மொழியின் சரித்திரம்!

டாக்டர் பட்டம் வாங்கியும் ஜெர்மனியில் பெண்ணுக்கு யார் உத்தியோகம் கொடுப்பார்கள்? 1910-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பென்ஸில்வேனியாவில் பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரியில் ஆறு வருஷம் போதித்தார். யுத்தத்தின் நடுவே தாய்நாடு திரும்பியவருக்கு, 1917-ல் ஹாம்பர்க்கில் வேலை கிடைத்தது.

*தண்ணீருக்கு என்ன பெயர்?*

அங்கே அவர் செய்த வேலை விசித்திரமானது. புஸ்தகங்களில் உள்ள உயர்ந்த ஜெர்மன் பாஷையை விட்டுவிட்டு, துறைமுகத்துக் கூலிக்காரர்களும் செம்படவர்களும் பாட்டிமார்களும் பேசிய சொற்களைச் சேர்க்க ஆரம்பித்தார். அந்தப் பேச்சுக்குத் 'தாழ் ஜெர்மன்' என்று பெயர். மட்டமான பாஷை என்று அர்த்தமில்லை. கடலை ஒட்டிய தாழ்ந்த சமவெளியின் பாஷை என்று அர்த்தம். ஏட்டு ஜெர்மனில் தண்ணீருக்கு 'வாஸர்' என்பார்கள்; தாழ் ஜெர்மனில் 'வாட்டர்'. ஆப்பிள் பழம் அங்கே 'அப்ஃபெல்', இங்கே 'அப்பெல்'. இங்கிலீஷுக்கு எவ்வளவு நெருங்கிய உறவு, பார்த்தீர்களா! ஒரு காலத்தில் பால்டிக் கடலோரம் முழுவதும் வியாபாரக் கணக்கும் கடிதமும் இந்தப் பாஷையில்தான் நடந்தன. பிறகு அதன் மவுசு குறைந்து, வீட்டுப் பேச்சாக ஒடுங்கிவிட்டது.

வீட்டுப் பேச்சை யார் எழுதி வைப்பார்கள்? அகாதே எழுதி வைத்தார். நகரத்து ஜனங்களுக்குக் கேள்வித்தாள்கள் அனுப்பி, இந்தப் பொருளுக்கு என்ன சொல், இந்த வேலைக்கு என்ன சொல் என்று விசாரித்தார். வந்த சொற்களைத் துண்டுக் காகிதங்களில் குறித்து அகர வரிசையில் அடுக்கினார். பாட்டியோடு மறைந்துபோக இருந்த சொல்லெல்லாம் பெட்டிக்குள் பத்திரமாகச் சேர்ந்தன. இதனுடன், பழைய தாழ் ஜெர்மனுக்கு ஓர் இலக்கணம், ஓர் அகராதி. 1923-ல் புரொபஸர் பட்டம் கிடைத்தது. ஜெர்மன் மொழித் துறையில் அந்தத் தேசத்திலேயே அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவர்தான்.

*பெட்டி மூடியது*

1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தான். யூதர்களைச் சர்க்கார் வேலையிலிருந்து நீக்கச் சட்டம் வந்தது. ஹாம்பர்க் சர்வகலாசாலையின் தலைவராக இருந்த தத்துவ மேதை எர்ன்ஸ்ட் காஸிரர் தேசத்தை விட்டே போனார். பின்னால் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஓட்டோ ஸ்டெர்னும் போனார். அகாதேக்காக வெளிநாட்டு அறிஞர்கள் பரிந்து பேசியதால் ஒரு வருஷம் தவணை கிடைத்தது. 1934-ல் அவரையும் நீக்கிவிட்டார்கள்.

தாம் அடுக்கிய சொற்பெட்டிகளை விட்டுவிட்டு, 1937-ல் பெர்லினில் சகோதரிகளுடன் வசிக்கப் போனார். நூல் நிலையங்களின் கதவுகள் யூதர்களுக்கு மூடப்பட்டன. அயல்நாடுகளிலிருந்து புரொபஸர் வேலைக்கு அழைப்பு வந்தபோது ஜெர்மன் சர்க்கார் குறுக்கே நின்றது. 1942-ல் வீட்டிலிருந்த சொந்தப் புஸ்தகங்களும் பறிமுதலாயின. அந்த ஆகஸ்டு 15-ந் தேதி, அறுபத்து மூன்று வயதான அகாதேயையும் இரண்டு சகோதரிகளையும் ரயிலில் ஏற்றி, லாட்வியாவின் ரீகா நகருக்கு அனுப்பினார்கள். அந்த நகரத்தை அடுத்த காட்டில் மூவரும் கொல்லப்பட்டார்கள்.

ஜனங்கள் பேசிய சொல்லை ஒவ்வொன்றாகக் காப்பாற்றியவரைக் காப்பாற்ற முடியவில்லை. 

*எண்பத்தொன்பது வருஷம்*

ஆனால் பெட்டிகள் பிழைத்தன. யுத்தம் முடிந்த பிறகு வேறு கைகள் அவற்றைத் திறந்தன. 1956-ல் ஹாம்பர்க் அகராதியின் முதல் பகுதி வெளியாகத் தொடங்கியது. ஐந்து பாகங்களும் பூர்த்தியானது 2006-ல். அகாதே வேலையை ஆரம்பித்து எண்பத்தொன்பது வருஷம் கழித்து!

இன்று அந்தச் சர்வகலாசாலையில் சுமார் 40,000 பேர் படிக்கிறார்கள். தமிழ் ஓலைச்சுவடிகளைக்கூட அங்கே ஆராய்ந்து வருகிறார்கள். ஸீமர்ஸ் தானம் கொடுத்த கட்டடத்தின் வாசலில், நடைபாதைக் கற்களோடு சில சிறிய பித்தளைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. கொல்லப்பட்ட ஆசிரியர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. அகாதேயின் பெயரும் இருக்கிறது. உள்ளே போனால் பெரிய பிரசங்க மண்டபம் ஒன்றுக்கு 1999 முதல் அவர் பெயர்தான்.

"பெண்களுக்கு இடமில்லை" என்று ஒரு வகுப்பறை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவரின் பெயர் தாங்கிய அந்த மண்டபத்தில், இன்று பெண்கள் யாரையும் அனுமதி கேட்காமல் வந்து உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள்.