பழைய மேசையை விற்கும் முன்...

முன்னால் கடை, பின்னால் வீடு என வாழும் நம் திருப்போரூர் வணிகர்களுக்குச் சாவி, கணக்கு நோட்டு வைக்க ஏற்றது சுவரோர மேசை. மரச்சாமான் கடைகளில் 'கன்சோல் டேபிள்' என்பார்கள். ஐரோப்பிய மாளிகைகளில் சுவரோடு பொருத்திய அலங்கார மேசையாகத் தொடங்கியது இது. 1 அடி அகலம், இரண்டரை அடி உயரம் போதும், நடைவழி அடைபடாது. கடற்காற்றில் இரும்புப் பிடி துருப்பிடிக்கும், பித்தளையே நல்லது.

முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்று உள்ளது. அத்தகைய வீடுகளின் தேக்குச் சாமான்களைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தேடி வாங்குகிறார்கள். எனவே, பின்கட்டில் கிடக்கும் பாட்டனார் காலத்து மேசையை விறகு விலைக்குத் தள்ளிவிட வேண்டாமென உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மெருகேற்றிச் சுவரோரம் போடுங்கள். விற்றே ஆகவேண்டுமானால் நாலு இடத்தில் விலை விசாரித்து விற்போம். சரக்கின் மதிப்பறிவதுதானே நம் தொழில்!