ஏட்டில் உண்டு, இசையெங்கே?

1990ஆம் ஆண்டுக்குப் பிந்திய போர்க்காலத்தில் வன்னியில் வாழ்ந்தவர்களுக்குப் பாட்டுக் கேட்பதென்பது கைவலிக்கும் ஒரு தொழிலாய் இருந்தது. மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் பற்றறிகளும் வருவதில்லை. ஆதலின் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, அதன் மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் சிறிதளவு மின்சாரத்தைக் கம்பி வழியே வானொலிப் பெட்டிக்கோ ஒலிநாடாப் பெட்டிக்கோ செலுத்துவோம். சுழற்றுகின்றவன் களைத்தால் பாடகரும் களைப்பார். நாடாவின் ஓட்டம் தளர, குரல் தடித்து இழுபட்டுப் பாதாளத்தில் இறங்கிவிடும். "விடாதை தம்பி, சுத்து!" என்று திண்ணையிலிருந்து அம்மம்மா குரல் கொடுப்பார். ஒரு பாட்டின் விலை இன்னதென்று அந்நாளில் எமது தோள்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று நிலைமை வேறு. கைத்தொலைபேசியைத் தொட்டால் உலகத்துச் சங்கீதமெல்லாம் காதருகே வந்து நிற்கின்றது. ஆயினும், இத்தனை பெருக்கத்தினிடையே நம்முடையது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்குங்கால் நெஞ்சு துணுக்குறுகின்றது. ஈழத்துத் தமிழர் பாடிப் பதிந்தவற்றுட் பல கேட்பாரற்றுக் கிடக்கின்றன. வன்னி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடியவையோ பெரும்பாலும் பதிவு பெறாமலே மறைந்து வருகின்றன. முன்னவை மறக்கப்பட்ட இசைத்தட்டுகள். பின்னவை பிறவாத இசைத்தட்டுகள். இவ்விரண்டும் நல்ல செவிகளுக்கு உரியவை என்பதே ஈண்டு யாம் சொல்ல வந்தது.

மறக்கப்பட்டவை

1970ஆம் ஆண்டையொட்டி ஈழத்தில் "பொப்பிசை" என்ற பெயரோடு ஒரு புதிய பாட்டுவகை கிளம்பிற்று. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், எம். பி. பரமேஷ், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை முதலிய இளைஞர்கள் கித்தாரைக் கையிலேந்தி மேடையேறினர். பைலாவின் துள்ளலும் ஊர்ப்பேச்சின் நையாண்டியும் கலந்த அவர்களின் பாடல்கள் இசைத்தட்டுகளாயும் வெளிவந்தன. அதே காலத்தில் இலங்கை வானொலி, ஈழத்துக் கவிஞர் எழுத, ஈழத்து இசையமைப்பாளர் மெட்டமைக்க, ஈழத்துப் பாடகர் பாடிய மெல்லிசைப் பாடல்களை ஒலிபரப்பி வந்தது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு உள்நாட்டுக் கலைஞர்க்கு எதிர்பாராத ஒரு வாய்ப்பை அளித்தது. வெளியிலிருந்து வருவது குறையவே, வீட்டிலுள்ளது கண்ணிற் பட்டது.

1977இல் வாயில் திறந்தது. ஒலிநாடாப் பெட்டிகள் வந்தன. அவற்றோடு தென்னிந்தியத் திரைப்பாடலும் வெள்ளமென வந்தது. இசைத்தட்டு பரணில் ஏறிற்று. 1983க்குப் பின்னர் எத்தனையோ குடும்பங்களுக்கு வீடே இல்லாமற் போயிற்று. பரண் எங்கே, இசைத்தட்டு எங்கே?

"சின்ன மாமியே", "சுராங்கனி" ஆகிய இரண்டையும் இன்று அறியாத தமிழர் அரியர். ஆனால் உச்சிக் கிளையில் ஆடும் இரண்டு பழங்களைக் கண்டு மகிழ்ந்தவர்கள், மரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பாடல்களை "மலிவானவை" என்று அந்நாளிலே இகழ்ந்த பெரியோரும் உளர். அவற்றுட் சில மலிவானவையே என்பதை யாமும் மறுக்கவில்லை. எனினும் ஒன்றை மறத்தல் ஆகாது. அதுவரை ஈழத்து இளைஞன் வாய்விட்டுப் பாடியதெல்லாம் சென்னைப் பட்டணத்துத் திரைத் தமிழே. தன் வீட்டு அடுப்படியிலும் ஒழுங்கையிலும் கள்ளுக்கடை வாசலிலும் பேசிய தமிழுக்கும் ஒரு மெட்டு உண்டென்று அவனுக்குக் காட்டியவை இவ்விசைத்தட்டுகள். அவற்றையும் வானொலி மெல்லிசையையும் ஒருசேர வைத்துக் கேட்பவன், ஒரு சமுதாயம் தன் சொந்தக் குரலைத் தேடித் தடவிய காலத்தை நேரிற் காண்பான்.

பொப்பிசைக்கே இந்தக் கதியென்றால், பெருங்கலைக்கு என்ன நேர்ந்தது? யாழ்ப்பாணத்து இணுவிலிற் பிறந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933 - 1975) தமிழ்நாட்டுப் பெருவித்துவான்களே வியந்து தலைவணங்கிய கலைஞர். இயக்குநர் அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது. ஆயினும் அத்தகைய ஒருவரின் வாசிப்பில் நமக்கு எஞ்சியிருப்பது சொற்பமே. கோயில் வீதிகளில் விடியும்வரை நிகழ்ந்த மேளக்கச்சேரிகள் கேட்டவரோடு போய்விட்டன. புகழின் உச்சியில் நின்றவருக்கே இதுவென்றால், வன்னியின் வயலோரத்தில் நின்று பாடிய பெயரில்லாப் பாடகருக்கு என்ன எஞ்சும்?

பிறவாதவை

வன்னி, காடும் குளமும் வயலும் கடலும் ஒருங்கே அமைந்த நிலம். ஆதலின் அதன் பாட்டும் தொழிலைப் பற்றிக்கொண்டே வளர்ந்தது. வயலில் அரிவு வெட்டும்போது ஒரு பாட்டு. சூடு மிதிக்கையில் மாடுகளைச் சுற்றி ஓட்டி, இராத் தூக்கம் கலைய, "பொலி" கூவிப் பாடும் பாட்டு வேறொன்று. முல்லைத்தீவுக் கரையோரத்தில் கரைவலை இழுப்போர் பாடுவது அம்பா. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் வாங்கிப் பாடுவர். பாட்டின் அழுத்தம் விழும் இடத்திலேதான் கயிற்றின் இழுப்பும் விழும். வலை தொலைவில் இருக்கும்போது நிதானமாய் நடக்கும் பாட்டு, மடி கரையை அண்மிக்க அண்மிக்க விரைந்து எழும். தாளம் கற்பிக்க ஆசிரியர் வேண்டியதில்லை. கடலே தாளம் போட்டது.

துயரத்துக்கும் இங்குப் பாட்டு உண்டு. மதங்கொண்ட யானையைப் பிடித்துக் கட்டினாள் என்று வன்னி போற்றும் அரியாத்தை, யானை பிடிக்கும் தொழிலினனான வேலப் பணிக்கனின் மனைவி. அவள் பேரிற் பாடப்பட்ட ஒப்பாரி வன்னியின் தனிச்செல்வம். வன்னியர் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாக அளித்த வரலாற்றை நூல்களிற் படிக்கலாம். அந்த யானைகளின் பின்னே நின்ற வீடுகளின் அழுகையை ஒப்பாரியிலேதான் கேட்கலாம்.

கண்ணகியின் கதையோ வன்னியின் உயிர்நாடி. மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மன் நந்திக்கடலோரத்தில் ஒரு முதியவளாய்த் தோன்றி, மாடு மேய்க்கும் சிறுவரிடம் உணவு கேட்டாள் என்பதும், விளக்கெரிக்க எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள் என்பதும் வற்றாப்பளையின் ஐதிகம். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் உப்புநீர் விளக்கேற்றும் வழக்கம் நிலவுகின்றது. மட்டக்களப்பில் "கண்ணகி வழக்குரை" என வழங்கும் காவியம் வன்னியில் "சிலம்பு கூறல்" எனப்படும். அதே கதை முள்ளியவளையிற் கோவலன் கூத்தாக ஆடப்பெறுகின்றது. வடமோடி, தென்மோடி என்று கூத்தை இரண்டாகப் பிரிக்கும் நமக்கு, "முல்லைமோடி" என்றொரு வகையும் உண்டென்று அக்கூத்து நினைவூட்டுகின்றது.

இவற்றோடு பின்னர் வந்து கலந்ததையும் கூறவேண்டும். 1958இலும் 1977இலும் இனவன்செயல்களாற் புண்பட்டு மலையகத்தினின்றும் வெளியேறிய தமிழர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். காட்டை வெட்டிக் கழனியாக்கிய அக்கைகளில் தப்பும் இருந்தது. நெஞ்சில் காமன் கூத்தும் இருந்தது. தேயிலை மலையின் பாட்டு குளத்தடி மண்ணில் எவ்வாறு ஒலித்ததென்பது, இசை ஆராய்வோர் எவரும் விரும்பிக் கேட்க வேண்டிய செய்தி.

எழுத்து காத்ததும் காவாததும்

இவையெல்லாம் முற்றும் புறக்கணிக்கப்பட்டன என்று சொல்வது நன்றி மறத்தலாகும். வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் ஈழத்து நாட்டுப் பாடல்களைத் தேடித் திரட்டினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் புதிய மேடைக்கு ஏற்றினார். வன்னியின் பாடல்களை செ. மெற்றாஸ்மயில் முதலானோர் தொகுத்து நூலாக்கினர். இப்பெரியார்கள் இல்லையேல் இன்று சொல்லும் மிஞ்சியிராது.

ஆனால் எஞ்சியது சொல்லே. அம்பாவை ஏட்டில் வாசித்துப் பாருங்கள். பொருளற்ற அசைகளும் கூறியது கூறலுமாய் அது களைத்துக் கிடக்கும். அதன் உயிர் மெட்டிலும், அடியெடுப்பவன் விடுகின்ற மூச்சிலும், இருபது பேர் ஒருங்கே வாங்கும் ஓசையிலும் அன்றோ இருந்தது? ஒப்பாரியில் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தி விம்மும் இடத்தை எந்த அச்சுக்கூடம் அச்சிட்டுக் காட்டும்? ஏடு பாட்டின் எலும்பைக் காத்தது. குரலைக் காக்க அதனால் இயலவில்லை.

இதனைப் பிறநாட்டார் முன்னரே உணர்ந்தனர். ஹங்கேரி நாட்டின் பெரும் இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக், 1906ஆம் ஆண்டளவில் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு ஊரூராய்ச் சென்று உழவர் பாடல்களைப் பதிந்தார். நம் இலங்கையிலேயே, செலிக்மன் என்னும் ஆங்கில அறிஞர் 1908இல் வேடர்களின் பாடல்களை மெழுகு உருளைகளிற் பதிந்து சென்றார். 1911இல் அவர் வெளியிட்ட நூலில் அப்பாடல்களின் இசையைப் பற்றித் தனி ஓர் அதிகாரமே உண்டு. நூறு ஆண்டுக்கு முன்னர் காட்டில் வாழ்ந்த வேடனின் குரலை இன்றும் கேட்கலாம். ஐம்பது ஆண்டுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கரையில் வலையிழுத்த நம் பாட்டனின் குரலைக் கேட்க வழியில்லை. இதனினும் பெரிய வெட்கம் யாதுளது?

ஏன் இன்றே வேண்டும்?

"நாட்டுப் பாடல் மக்கள் வாயில் வாழ்வது, பெட்டியிற் பிடித்து அடைத்தால் அது செத்துவிடும்" என்று சிலர் கூறுவர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது தொழில் உள்ளவரைக்குமே பொருந்தும். இப்போது வயலில் அறுவடை இயந்திரம் இறங்குகின்றது. சூடு மிதித்த மாட்டின் இடத்தை உழவு இயந்திரம் எப்போதோ எடுத்துக்கொண்டது. கரைவலையையும் பல இடங்களில் இயந்திரமே இழுக்கின்றது. உழைப்பின் சுமை குறைந்ததற்கு நாம் மகிழவேண்டுமேயன்றி வருந்தலாகாது. ஆனால் இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவையில்லை. தொழில் போனபின் வாயில் வாழும் பாட்டு, அந்த வாய் உள்ளவரைக்குமே வாழும்.

வாய்களும் குறைந்துவிட்டன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அள்ளிச் சென்றது. 2009இன் தொடக்கத்தில் கிளிநொச்சியினின்றும் கிழக்கு நோக்கி நகர்ந்த மக்கள், இடத்துக்கிடம் பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்றனர். கூத்துக் கொப்பியையும் உடுக்கையும் ஒலிநாடாக்களையும் வழியில் விட்டுவிட்டே பலர் உயிரைச் சுமந்து சென்றனர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை நாம் எண்ணியெண்ணி அழுகின்றோம், அழவேண்டியதுதான். ஆனால் ஓர் அண்ணாவியார் மறையும்போது எரிகின்ற நூலகத்துக்கு எண்ணிக்கை வைத்தவர் எவரும் இல்லை.

செய்யவேண்டியது பெரிதன்று. பின்னணி வாத்தியமும் திரைப்பாட்டுத் தாளமும் சேர்த்து அலங்கரிக்க வேண்டாம். பாடுகின்ற பாட்டியை மேடைக்கு இழுத்துவந்து ஒலிவாங்கி முன் நடுங்க வைக்கவும் வேண்டாம். அவர் முற்றத்துக்கே போய், பாயில் அமர்ந்து, அவர் பாடுவதை உள்ளவாறே பதிந்தாற் போதும். கோழி கூவினும் கூவுக. பாடியவர் பெயர், ஊர், நாள், பாட்டை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயர் ஆகிய நான்கையும் பதிவின் முன்னே சொல்லிவிட வேண்டும். பெயரை வெளியிட அவர் விரும்பாவிடின் அவ்விருப்பத்தை மதிக்கவேண்டும். ஒரு பிரதி அவர் வீட்டுக்கு, ஒரு பிரதி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, ஒரு பிரதி பொதுக் காப்பகத்துக்கு என மூன்று இடத்தில் வைத்தால், ஒன்று அழியினும் மற்றொன்று நிற்கும். 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி யாவர்க்கும் இலவசமாய் வழங்கிவரும் நூலக நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் சேகரிக்கின்றது. பழைய பொப்பிசை, மெல்லிசை இசைத்தட்டு ஒன்று எவர் வீட்டு மூலையிலேனும் கிடப்பின், அதனையும் இவ்வழியே கரைசேர்க்கலாம்.

இவ்வாறு ஊருக்கொன்றாய்ச் சேர்ந்தால், வன்னியின் முதல் இசைத்தொகுதி தானே பிறந்துவிடும். அதில் ஒரு பக்கம் அம்பா, ஒரு பக்கம் சூடு மிதிப்பு. ஒரு பக்கம் அரியாத்தை ஒப்பாரி, ஒரு பக்கம் கோவலன் கூத்து. காமன் கூத்தின் தப்பொலியும் அதிலே சேரும். உலகத்தார் கேட்பது பின்னர் ஆகுக. முதலில் பேரப்பிள்ளைகள் கேட்கட்டும்.

இப்போது எம் வீட்டில் மின்சாரம் உண்டு. சைக்கிளின் டைனமோ துருப்பிடித்து எங்கோ கிடக்கின்றது. அம்மம்மாவும் இல்லை. சிறுவயதில் எமக்குத் தூக்கம் வரவென்று அவர் பாடிய பாட்டின் சொற்களைக் கேட்டால் இன்றும் எழுதிக் கொடுப்போம். ஆனால் அந்த இராகத்தைப் பாடிக்காட்டச் சொன்னால் நாலாம் அடியில் தடுமாறி நின்றுவிடுகின்றோம். அந்நாளில் அயலாரின் பாட்டுக்காகக் கை வலிக்கச் சுழற்றிய நாம், அவர் பாட்டை ஒரு வெறும் நாடாவிற் பதிந்து வைக்க நினைக்கவேயில்லை.

உங்கள் வீட்டில் இன்னும் ஓர் அம்மம்மா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரருகிற் சென்று அமருங்கள்.