வீட்டில் ஒருவருக்குக் காசம் என்றால்

தாத்தாவின் சளியைச் சோதித்துக் காசநோய் என்று நிர்ணயித்து, மாத்திரைகளையும் கொடுத்தனுப்பிய பிறகு, அவர் பக்கத்திலேயே படுத்துறங்கும் இரண்டு வயதுப் பேரனை யாரும் விசாரிக்காமல் விட்டுவிடுகிற வழக்கம்தான், குழந்தைகளின் க்ஷயரோகம் காலம் கடந்து வெளிப்படுவதற்குப் பிரதான காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பெரியவர்களைப் போல் குழந்தை இரத்தம் கக்குவது அபூர்வம். இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமல் அல்லது காய்ச்சல், ஏறாமல் நின்றுவிட்ட எடை, கழுத்தில் வலியின்றித் திரளும் நெறிக்கட்டி, ஓடியாடிய பிள்ளை மூலையில் சோர்ந்து உட்காருதல் ஆகிய இவற்றைப் ‘பல் முளைக்கிற காய்ச்சல்’ என்றும் ‘உடம்பு தேறவில்லை’ என்றும் சொல்லி நாட்களைப் போக்கிவிடுகிறோம்.

சிறு குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். ஆதலால் விடியற்காலையில், பால்கூடக் கொடாமல், மூக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இரைப்பை நீரை எடுக்கிறார்கள். குழந்தை வீறிட்டழும், தாய் அதன் கைகளைப் பற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இந்த வேதனையின்றி மலத்திலேயே கிருமியைத் தேடும் முறையும் இப்போது உண்டு. ஆனால் குழந்தையின் உடலில் கிருமிகள் சொற்பமாதலால், சோதனையில் அகப்படவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரே, தோல் சோதனை, எடை, வீட்டிலுள்ளோரின் நோய் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே வைத்தியர் முடிவு செய்ய வேண்டும். பருவ வயதினர் விஷயம் வேறு: அவர்களுக்குப் பெரியவர்களைப் போலவே நுரையீரலில் குழி விழுந்து, பிறருக்கும் பரவலாம், பரீட்சையை நினைத்து இருமலை மறைக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து பெரிதும் காக்குமேயன்றி முழுக் கவசமாகாது. ஆகவே நோயாளியுடன் வசிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, நோய் இல்லை என்று உறுதி செய்தபின், தடுப்பு மாத்திரை கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். எடைக்கேற்ற அளவில் ஆறு மாதம் ஐசோனியாசிட் கொடுப்பது வெகுகாலமாக உள்ள முறை. நோயே கண்டுவிட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. கடுமையற்ற வகைக்கு நான்கு மாத சிகிச்சை போதுமென 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மற்றவற்றுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். சிகிச்சையில் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாவதைக் கண்டு மிரண்டு மருந்தை நிறுத்தலாகாது. ஆனால் கண் மஞ்சளித்து வாந்தியும் எடுத்தால் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நோயாளியை வீட்டைவிட்டு அகற்றவும் அவசியமில்லை. வீட்டிலேயே மருந்துண்டவர்களும் சானடோரியம் என்னும் காசநோய் ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தவர்களைப் போலவே குணமடைந்ததையும், அதனால் குடும்பத்தாருக்கு அபாயம் மிகவில்லை என்பதையும் 1959-இல் சென்னை ஆராய்ச்சியே உலகுக்குக் காட்டியது.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் போஷாக்குக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரும். தனியார் வைத்தியரும் நோயாளியை அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டுமென்பது 2012 முதல் உள்ள உத்தரவு. மருந்து மறுக்கப்பட்டாலோ, பணம் வராவிட்டாலோ, 1800-11-6666 என்ற கட்டணமில்லாத எண்ணில் முறையிடலாம்.